மலைக்கோட்டை அடிவாரத்துக்கு ஒரு காடு கேட்போம்

உழவர் சந்தைக்குக் கொண்டுபோன காய் ஒன்பது மணிக்குள்ள தீர்ந்துட்டா எனக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டியை நேரா சாணார்பட்டிப் பக்கம் திருப்பாம, மலைக்கோட்டை அடிவாரத்துல ஒரு வேப்பமர நிழலைப் பார்த்துக் கொஞ்ச நேரம் உட்காருவேன். மேல பாறை. பக்கத்துல கோட்டைக்குளம். அந்த நேரத்துல பாறை இன்னும் சுட ஆரம்பிச்சிருக்காது, காத்து நல்லா வரும்.

போன மாசம் அப்படி உட்கார்ந்திருந்தப்ப, நம்மகிட்ட வழக்கமா கீரை வாங்குற ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருத்தர் நடைப்பயிற்சி முடிச்சு வந்து பக்கத்துல உட்கார்ந்தார்.

“தம்பி, இந்த இடத்தை எல்லாம் சுத்தமா வழிச்சு எடுத்துட்டு டைல்ஸ் போட்டு, நாலு கலர் லைட்டு, ஒரு நீரூற்று, புள்ளைங்களுக்குச் சறுக்கு மரம்னு வச்சா எப்படி இருக்கும்!” என்றார்.

“நல்லாத்தான் சார் இருக்கும். ஆனா அதைத்தான் ஊரு பூரா போட்டாச்சே. இதை மட்டும் காடா விட்டா என்ன?”

“உனக்கென்னப்பா, தோட்டத்துல இருக்கிறவன். டவுன்காரனுக்கு உட்கார ஒரு இடம் வேணாமா?”

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அன்னைக்கு என்னால சரியா பதில் சொல்ல முடியலை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். ‘டவுன் பூங்காவுக்கும் இயற்கை விவசாயப் பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம்’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சம்பந்தம் இருக்கு.

என் வாதம் இதுதான். திண்டுக்கல் நகரத்துக்கு நடுவில் ஒரு பாறைமலையும் அதன் காலடியில் ஒரு குளமும் இருக்கின்றன. இவை இரண்டையும், சுற்றி மிச்சம் கிடக்கும் வெற்று நிலத்தையும் ஒரே உயிர்வெளியாகப் பார்த்து மீட்க வேண்டும். ஊர் மக்கள் வந்து நடக்கவும் உட்காரவும் அது திறந்திருக்க வேண்டும். மீட்பது என்றால், செத்துப்போன மண்ணை நாம் எப்படி மீட்கிறோமோ அப்படி. கல்யாண மண்டபத்துக்குச் சோடனை செய்வதுபோல இல்லை.

இந்த மலையின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். திண்டு போலக் கிடக்கிற கல் என்பதால் திண்டுக்கல் என்கிறார்கள். மதுரை நாயக்கர்கள் 1605 வாக்கில் கோட்டை கட்டினார்கள். பிறகு ஹைதர் அலி, திப்பு சுல்தான் கைக்குப் போய், 1790-ல் ஆங்கிலேயர் வசமானது. இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. சீட்டு வாங்கிக்கொண்டு மேலே ஏறினால் ஒரு பக்கம் சிறுமலையும் மறுபக்கம் பழனி மலைத்தொடரும் தெரியும். வருகிறவர்கள் சுவரையும் பீரங்கி மேடையையும் பார்க்கிறார்கள், படம் எடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள். பாறையை யாரும் பார்ப்பதில்லை.

உழவன் கண்ணோடு அந்தப் பாறையைப் பாருங்கள். அது ஒரு பெரிய கூரை. ஒரு ஏக்கர் பாறையில் ஒரு சென்டிமீட்டர் மழை விழுந்தால் நாற்பதாயிரம் லிட்டர் தண்ணீர். மண்ணில் விழுந்தால் பாதிக்கு மேல் மண்ணே குடித்துவிடும். பாறை அப்படிக் குடிக்காது, அநேகமாக அவ்வளவும் கீழேதான் இறங்கும். நம் சமவெளியில் வருசத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அப்படியானால் ஏக்கருக்கு முப்பது லட்சம் லிட்டருக்கும் மேல். வெயிலில் ஆவியாகிறதுக்கும் பள்ளத்தில் தேங்குகிறதுக்கும் பாதியைக் கழித்துவிட்டாலும் மிச்சம் இருப்பது சின்னக் கணக்கில்லை. அது எங்கே போகிறது? கோட்டை கட்டினவர்கள் காலத்து ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது. பாறையின் காலடியில்தான் குளம் இருக்கிறது. இன்றைக்கு ஒரு பலத்த மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு அடிவாரத்தைச் சுற்றி வாருங்கள். பாறையில் இறங்கும் நல்ல தண்ணீரில் எவ்வளவு தெருச் சாக்கடையில் கலந்து ஓடுகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்திலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவருகிற ஊர், தலைக்கு மேல் விழுகிற தண்ணீரைச் சாக்கடையில் விடுகிறது. விட்ட தண்ணீர் அதோடு தொலைவதும் இல்லை. திண்டுக்கல் குடகனாற்றுப் படுகையில் இருக்கிற ஊர். டவுனில் விடுகிற அழுக்கு கடைசியில் வேடசந்தூர்ப் பக்கத்து உழவன் கிணற்றுக்குத்தான் வந்து சேரும். சம்பந்தம் இருக்கு என்று சொன்னேனே, ஒன்று இது.

இன்னொன்று பறவை. எலித் தொல்லைக்கு விஷம் வைக்காமல், வயலில் டி வடிவத்தில் குச்சி நட்டு ஆந்தைக்கு இடம் கொடுங்கள் என்று நாம் எல்லாப் பயிற்சியிலும் சொல்கிறோம். நட்டும் வைக்கிறோம். ராத்திரி வந்து உட்காருகிற அந்தக் கூகை பகலில் எங்கே தூங்கும்? பாறை இடுக்கு, பழைய கட்டடத்துப் பொந்து, வயதான மரத்தின் பொந்து. இவற்றை எல்லாம் பூசி மெழுகி வெட்டித் தள்ளிவிட்டு வயலில் குச்சி மட்டும் நட்டால், ஆளில்லாத வீட்டுக்குத் திண்ணை கட்டின கதைதான். வௌவாலும் அப்படியே. இரவில் நம் பயிர் மேல் பறந்து அந்துப்பூச்சியைப் பிடிக்கிற சின்ன வௌவால்களுக்கு இடிந்த சுவரும் பாறைப் பிளவும்தான் வீடு.

இடத்துக்கு எங்கே போவது என்பார்கள். சட்டம் ஏற்கெனவே கொஞ்சம் இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. 1958-ம் ஆண்டு தொல்லியல் சின்னங்கள் சட்டம், 2010-ல் திருத்தப்பட்டபடி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பத் தடை விதிக்கிறது. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அங்கே கட்ட அனுமதி வேண்டும். ஏற்கெனவே குடியிருக்கிறவர்களை யாரும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அவர்களை விரட்டிவிட்டு மரம் நடச் சொல்கிற ஆள் நான் இல்லை. ஆனால் மிச்சம் வெற்றிடமாகக் கிடப்பதைக் குப்பை மேடாகவும் வண்டி நிறுத்தமாகவும் விடுவதற்கு எந்தச் சட்டமும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை.

காடு எப்படி இருக்கணும் என்று தெரிந்துகொள்ள வெளிநாடு போக வேண்டாம். நத்தம் வரைக்கும் போனால் போதும். நத்தம் வட்டம் ரெட்டியபட்டி ஊராட்சியில் காசம்பட்டி வீரகோவில் காடு இருக்கிறது. 2025 மார்ச்சில் தமிழக அரசு அதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டிக்கு அடுத்து மாநிலத்திலேயே இரண்டாவது. பரப்பு எவ்வளவு தெரியுமா? 4.97 ஹெக்டேர். பன்னிரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. நம்மில் சிலபேர் வைத்திருக்கும் தோட்டத்தின் அளவுதான். சுற்றிலும் மாந்தோப்பு, நடுவில் இந்தக் காடு.

இத்தனை தலைமுறை அது எப்படித் தப்பியது? வேலி போட்டதாலா, காவலாளி வைத்ததாலா? சாமி காடு, ஒரு சுள்ளி ஒடிக்கக்கூடாது என்று ஊர் வைத்துக்கொண்ட கட்டுப்பாடுதான் காவல். அதே சமயம் அது பூட்டி வைத்த இடமும் இல்லை. சாமி கும்பிட வருவார்கள், பொங்கல் வைப்பார்கள், நிழலில் படுப்பார்கள், திரும்பிப் போவார்கள். நம் பக்கத்துக் கோயில் காடுகள் எல்லாவற்றுக்கும் இதுதான் முறை. அனுபவிக்கலாம், எடுத்துக்கொண்டு போகக்கூடாது. பொதுமக்கள் அனுபவிக்கிற இயற்கை இடம் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. பக்கத்து மாந்தோப்புக்காரருக்கும் லாபம்தான். மாம்பூவுக்கு வருகிற ஈக்களும் தேனீக்களும் வருசம் முழுக்க இருந்து பிழைக்க மருந்தடிக்காத ஒரு இடம் வேண்டுமே.

அரிட்டாபட்டிக் கதை உங்களுக்குத் தெரியும். 2022 நவம்பரில் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். இரண்டே வருசத்தில், 2024 நவம்பரில், அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் எடுக்க ஏலம் முடிந்தது என்ற செய்தி வந்தது. மேலூர்ப் பக்கத்து உழவர்கள் கட்சி பார்க்காமல் திரண்டு மதுரை வரை நடந்தார்கள். 2025 ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அறிவிப்புப் பலகை மட்டும் எதையும் காப்பாற்றிவிடாது. ஊர் நின்றதால்தான் மலை நின்றது. ஒரு மலையைத் தன்னுடையது என்று ஊர் நினைக்க வேண்டுமானால், அந்த ஊர்க்காரன் அதில் நடந்திருக்க வேண்டும், அதன் சுனையில் கால் நனைத்திருக்க வேண்டும். ‘உள்ளே வராதே’ என்று வளர்க்கப்பட்ட பிள்ளை எதற்கப்பா நாளைக்கு வந்து போராடும்?

இதனால்தான் சென்னை அடையாறு தொல்காப்பியப் பூங்கா எனக்கு ஒரு பக்கம் சந்தோசம், ஒரு பக்கம் வருத்தம். அடையாறு முகத்துவாரத்தில் கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டிக் கிடந்த 58 ஏக்கரை மீட்டு, நீர் போக வர வழி செய்து, அந்த மண்ணுக்குரிய மரஞ்செடிகளை நட்டு 2011 ஜனவரியில் திறந்தார்கள். செய்த வேலை அருமையானது. குப்பை மேட்டைக்கூட மீட்கலாம் என்பதற்கு அது சாட்சி. ஆனால் பல வருசம் அது மாணவர் குழுக்களுக்கும் முன் அனுமதி வாங்கினவர்களுக்குமான இடமாகத்தான் இருந்தது. பக்கத்துத் தெருவில் குடியிருந்த பாட்டி சாயங்காலம் பேரனைக் கூட்டிக்கொண்டு நினைத்தபோது போக முடியாமல் இருந்தது.

கோவையில் நேர் எதிர். 2013-ல் உக்கடம் பெரியகுளத்தைத் தூர்வார ஆயிரக்கணக்கான மக்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். பார்க்கவே சிலிர்ப்பாக இருந்தது. பிறகு ஸ்மார்ட் சிட்டி திட்டம் வந்தது. பெரியகுளம், வாலாங்குளம் கரைகளில் நடைபாதை, விளக்கு, அலங்கார வளைவு. கூட்டம் வருகிறது, ஐஸ்கிரீம் விற்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. கரையோரச் சேற்றிலும் கோரையிலும் இரை தேடுகிற பறவைக்கு இடம் எங்கே என்று அங்குள்ள பறவை ஆர்வலர்கள் ஆரம்பத்திலேயே கேட்டார்கள். குளத்தின் விளிம்பு என்பது தண்ணீரும் நிலமும் கலக்கிற சரிவு. அங்கேதான் தவளை முட்டையிடும், கொக்கு நிற்கும். அதைச் செங்குத்துச் சுவராக மாற்றினால் குளம் தொட்டியாகிவிடும்.

சிங்கப்பூர்க்காரர்கள் இதை லேட்டாகப் புரிந்துகொண்டார்கள், ஆனாலும் புரிந்துகொண்டார்கள். பீஷான் – அங் மோ கியோ பூங்கா ஓரமாகக் காலாங் ஆறு பல வருசம் கான்கிரீட் வாய்க்காலாக ஓடியது. 2012-ல் முடிந்த வேலையில் அந்தக் கான்கிரீட்டை உடைத்து எடுத்துவிட்டு, ஆற்றைப் பூங்காவுக்குள் வளைந்து நெளிந்து ஓடவிட்டார்கள். கரையில் புல்லும் செடியும். தண்ணீர் குறைவாக இருக்கும்போது பிள்ளைகள் இறங்கி விளையாடுகிறார்கள். நம் ஊர் ஆட்கள் எத்தனையோ பேர் அங்கே வேலைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை அந்தப் புல்லில் உட்கார்ந்துவிட்டு வந்திருப்பார்கள். நாம் ஏன் அவர்கள் உடைத்துப் போட்டதைக் காசு கொடுத்துக் கட்டுகிறோம்?

சரி, வாத்தியாருக்கு வருகிறேன். அவர் சொன்னதில் பாதி சரி. முழங்கால் வலிக்காரர் நடக்க மட்டமான பாதை வேண்டும். பெண்கள் பயமில்லாமல் வர வெளிச்சம் வேண்டும், கழிப்பறை கட்டாயம் வேண்டும். குடிகாரர்கள் பாட்டிலை உடைத்துப் போடாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இதை எல்லாம் காட்டின் பேரைச் சொல்லி மறுப்பது அநியாயம். ஒரு பாதை போடுங்கள், மழைத்தண்ணி இறங்குகிற மாதிரி மண்ணும் சரளையும் கெட்டித்து. விளக்கைத் தாழ வையுங்கள், தரையைப் பார்க்கட்டும், ஒன்பது மணிக்கு அணையட்டும். மரத்துக்கு மரம் சீரியல் பல்பு சுற்ற வேண்டாம். சறுக்கு மரம் ஒரு மூலையில் இருக்கட்டும். மிச்சத்தை விட்டுவிடுங்கள்.

விட்டுவிடுங்கள் என்றால் சும்மா விடுவது இல்லை. நமக்குத் தெரியும், கெட்டுப்போன நிலம் தானாகச் சரியாக நாள் பிடிக்கும், நாம் கொஞ்சம் கை கொடுக்க வேண்டும். முதலில் தண்ணீர். பாறையிலிருந்து இறங்கும் வழிகளைக் கண்டுபிடித்துச் சாக்கடையிலிருந்து பிரிக்க வேண்டும். குளத்துக்குள் வீட்டுக் கழிவு ஒரு சொட்டு போகக்கூடாது. இதைச் செய்யாமல் மேலே என்ன செய்தாலும் கஞ்சிப் பானையைக் கழுவாமல் பால் ஊற்றின மாதிரிதான். கோட்டைக்குளத்தில் விநாயகர் சிலை கரைக்கிற வழக்கம் உண்டு. வழக்கம் இருக்கட்டும், பச்சைக் களிமண்ணும் வண்ணம் பூசாத சிலையும் ஆகட்டும். களிமண் பிள்ளையாரை வயலுக்கும் கிணற்றுக்கும் கொடுத்துப் பழகினவர்கள்தானே நாம்.

அடுத்தது சீமைக்கருவேலம். வெட்டினால் துளிர்க்கும், வேரோடு எடுக்கணும், எடுத்த இடத்தில் உடனே வேறு ஒன்றை வைக்கணும். ஜேசிபி விட்டு வழித்துவிட்டு அடுத்த மழைக்குப் பழையபடி முளைத்து நிற்பதை நாம் எத்தனை கண்மாயில் பார்த்துவிட்டோம்!

பிறகுதான் நடவு. இங்கே ஒரு எச்சரிக்கை. மரம் நடுகிற ஆர்வம் இப்போது எல்லோருக்கும் இருக்கிறது, நல்லது. ஆனால் பாறைச் சரிவில் மியாவாக்கி மாதிரி நெருக்கி நடுவது, பூவுக்காகக் கொன்றையும் குல்மொகரும் வரிசை கட்டுவது எல்லாம் அந்த இடத்துக்கு ஒட்டாது. கோட்டைச் சுவர் பக்கம் ஆலும் அரசும் வைத்தால் வேர் கல்லைப் பிளந்துவிடும், தொல்லியல் துறை விடவும் விடாது. விடக்கூடாது. பாறை இடுக்கில் புல்லும் சிறு செடியும் தானாக வரும், அதை வறட்சி என்று நினைத்துப் பிடுங்காமல் இருந்தாலே போதும். அடிவாரத்துக்கு நம் காட்டுச் செடிகள்: உசிலை, குடைவேல், விராலி, ஆவாரை, காரை, சூரை, நுணா, விளா. குளத்தோரம் மருதமும் நாவலும் புங்கனும். எல்லையில் கிளுவை வேலி. நர்சரியில் இவற்றில் பாதி கிடைக்காது. வேலியோரத்தில் வைத்திருக்கிறவர்கள் நாம்தான்.

கிளுவை என்றதும் தேவாங்கு ஞாபகம் வருகிறது. 2022 அக்டோபரில் கரூர் மாவட்டக் கடவூரும் நம் வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் வட்டங்களும் சேர்ந்த 11,806 ஹெக்டேர் காட்டை இந்தியாவின் முதல் தேவாங்குச் சரணாலயமாக அறிவித்தார்கள். ராத்திரியில் பூச்சி பிடித்துத் தின்கிற ஜீவன். மரக்கிளை விட்டுக் கிளை போகிறது, தரையில் இறங்கினால் ஆபத்து. நம் கிளுவை, உசிலை வேலிகளை எடுத்துவிட்டுக் கம்பி வேலி போட்டபிறகு அதற்குப் பாதை அறுந்துவிட்டது. மலைக்கோட்டைக்குத் தேவாங்கு வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஒரு டவுன் பிள்ளை கிளுவையையும் உசிலையையும் அங்கே பார்த்து வளர்ந்தால், அய்யலூர்க் காட்டைப் பற்றிப் பேசும்போது அதற்குப் புரியும். அதே கடவூர்ப் பக்கம்தான் நம்மாழ்வார் அய்யா வறண்டு கிடந்த நிலத்தில் வானகத்தைத் தொடங்கினார். மழைத்தண்ணியை நிறுத்துவது, மூடாக்குப் போடுவது, உள்ளூர் மரம் வைப்பது என்று அங்கே பார்த்துக் கற்றுக்கொண்டு வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அதைத்தான் மலைக்கோட்டை அடியிலும் செய்யச் சொல்கிறேன்.

காசு? நீர்நிலையைக் கெடுத்தவர்தான் மீட்கவும் கொடுக்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். அந்தத் தீர்ப்பில் நம் மாவட்டத்தின் பெயரும் இருக்கிறது. 1996 ஆகஸ்ட் 28-ல், தமிழ்நாட்டுத் தோல் ஆலைகள் பற்றிய வேலூர் சிட்டிசன்ஸ் வெல்பேர் ஃபோரம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. அப்போது திண்டுக்கல் அண்ணா மாவட்டம் என்று பெயர். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுத்தால் மட்டும் போதாது, கெட்ட சூழலைத் திரும்பச் சரிசெய்கிற செலவும் கெடுத்தவரையே சேரும் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. கிணற்றுத் தண்ணீர் பழுத்து, தென்னை காய்ந்து, நிலத்தை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டுப் போன குடும்பங்களை நான் அறிவேன். என் சொந்தத்திலேயே உண்டு. அவர்களுக்கு அந்தத் தீர்ப்பு தாமதமாகத்தான் வந்தது. இனிமேல் குளம் கெட்டால் ‘நிதி இல்லை’ என்ற பதிலோடு நாம் திரும்பி வர வேண்டியதில்லை.

வழி ஒன்று இருக்கிறது. 2002-ம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். கிராமத்துக்கு மட்டும் இல்லை, 2014-ல் மாநகராட்சியான திண்டுக்கல்லுக்கும் அது பொருந்தும். அதே சட்டத்தின் 37-வது பிரிவுதான், உள்ளாட்சிகளைக் கலந்துகொண்டு பாரம்பரியத் தலம் அறிவிக்க மாநில அரசுக்கு அதிகாரம் கொடுக்கிறது. அரிட்டாபட்டிக்கும் காசம்பட்டிக்கும் திறந்த கதவு அதுதான். மலைக்கோட்டையும் குளமும் அந்த அளவுக்குத் தேறுமா என்று கேட்கலாம். தேறாவிட்டாலும் பதிவேடு எழுதலாமே. பாறையில் என்ன முளைக்கிறது, குளத்தில் என்ன வந்து இறங்குகிறது என்று ஒரு வருசம் மாசம் தவறாமல் எழுதி வைத்தால், அழகுபடுத்துகிறோம் என்று பொக்லைனோடு யாராவது வருகிற நாளில் காட்டுவதற்குக் கையில் ஒரு கணக்கு இருக்கும்.

வாத்தியாரிடம் இதை எல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “செடி பேரெல்லாம் எனக்குத் தெரியாதேப்பா” என்றார்.

“பேரு நான் சொல்றேன் சார், நீங்க எழுதுங்க” என்றேன். பழைய வருகைப் பதிவேடு ஒன்று வீட்டில் எழுதாமல் கிடக்கிறதாம். அடுத்த ஞாயிறு காலை ஆறரைக்குக் குளத்தங்கரையில் ஆரம்பிக்கிறோம். சந்தைக்கு வருகிற தோழர்கள் காயை இறக்கிவிட்டு வந்து சேரலாம். மழைக்கு முன்னால் கிளுவைப் போத்து நட வேண்டும். என் வேலியில் ஐம்பது, அறுபது போத்து வெட்டலாம், இன்னும் வேண்டியிருக்கும். உசிலை நெற்று வைத்திருக்கிறவர்கள் கொஞ்சம் எடுத்து வையுங்கள்.